சுழிப் பிழை பார்த்தாயா?



கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

ஆறு மாதமாக நான் இந்தப் பக்கம் அதிகம் வரவில்லை. "சார் எங்கே காணோம்?" என்று பலர் கேட்டீர்கள். "மதுரையில் தங்கை வீட்டில் இருக்கிறேன்" என்று மட்டும் பதில் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. எனக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். அதற்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துக்கொண்டேன். ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்பார்களே, அதுதான். மொத்தம் 20 நாள் வைத்தார்கள். முடிந்துவிட்டது. நன்றாக இருக்கிறேன். ஆகவே யாரும் பதற வேண்டாம். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பஸ் ஏறவும் வேண்டாம்.

அனுதாபம் தேட இதை எழுதவில்லை. அந்த 20 நாளில் நான் ஒரு தவறு செய்தேன். அதிலிருந்து எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். என்னிடம் முதலில் படித்தவர்களுக்கு இப்போது 50 வயது தாண்டிவிட்டது. உங்கள் அப்பாக்களுக்கு 80 நெருங்குகிறது. எந்த வீட்டிலாவது உதவும். நான் மருத்துவன் இல்லை, இயற்பியல் வாத்தியார். சிகிச்சை பற்றிய முடிவை உங்கள் மருத்துவரிடம்தான் எடுக்க வேண்டும். நான் சொல்வது அளவீடு பற்றி. அதைப் பற்றிப் பேச எனக்கு 33 வருட உரிமை இருக்கிறது.

பதினோராம் வகுப்பு ஆய்வகம் ஞாபகம் இருக்கிறதா? வெர்னியர் அளவியைக் கையில் எடுத்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "சுழிப் பிழை பார்த்தாயா?" என்பதுதான். பாதிப் பேர் முழிப்பீர்கள். கருவியின் இரண்டு தாடைகளும் ஒட்டியிருக்கும்போது அளவு சுழியில் நிற்கிறதா என்று பார்க்காமல், உருளையின் விட்டத்தை ஆறு தடவை அளந்து, ஆறும் ஒன்றுபோல் வந்துவிட்டது என்று சந்தோஷமாக நோட்டை நீட்டுவீர்கள். ஆறும் ஒன்றுபோல் வந்திருக்கும். ஆறுமே தப்பாகவும் இருக்கும். அளவுகள் ஒன்றோடொன்று நெருங்கி வருவது நுட்பம், உண்மையான மதிப்புக்கு நெருங்கி வருவது துல்லியத்தன்மை, இரண்டும் வேறு வேறு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டது உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. எனக்கே மறந்துபோய், 71 வயதில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு மறுபடி படிக்க வேண்டி வந்தது.

விஷயத்துக்கு வருகிறேன்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சிறிய சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால், இரண்டுக்கும் இடையில் உட்கார்ந்திருக்கிறது. சிறுநீர்க் குழாய் அதன் நடுவே போகிறது. அது எலும்பில் அறைந்து வைத்த ஆணி மாதிரி நிற்பதில்லை. சிறுநீர்ப்பை நிரம்பினால் ஒரு மாதிரி இருக்கும், காலியானால் வேறு மாதிரி. மலக்குடலில் மலமோ வாயுவோ சேர்ந்தால் முன்பக்கம் தள்ளப்படும். வாயு வெளியேறினால் பின்னால் வரும். இந்த நகர்வு பல மில்லிமீட்டர் இருக்கும், சில நாள் ஒரு சென்டிமீட்டரைக்கூடத் தொடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தொப்புள் அதே இடத்தில் இருக்கும். இடுப்பெலும்பும் அதே இடத்தில் இருக்கும்.

இந்தச் சுரப்பியின் மேல்தான் ஒவ்வொரு நாளும் கதிரைப் பாய்ச்ச வேண்டும். எனக்கு மொத்தம் 60 கிரே, நாளைக்கு 3 கிரே வீதம், வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு வாரம். முன்பு இதையே ஏழு, எட்டு வாரத்துக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பிரிட்டனில் மூவாயிரத்துக்கும் அதிகமான ஆண்களைச் சேர்த்து நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2016ல் வெளிவந்தது. 20 தவணையில் 60 கிரே கொடுப்பது, 37 தவணையில் 74 கிரே கொடுப்பதற்குச் சளைத்ததில்லை என்று அது காட்டியது. அதன் பிறகு குறுகிய முறை பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. இப்போது ஐந்தே தவணையில் முடிப்பதும் இருக்கிறது.

வகுத்துப் பாருங்கள். 37 தவணையில் ஒரு நாள் குறி தவறினால் கணக்கில் மூன்று சதவீதத்துக்கும் குறைவு. 20 தவணையில் ஒரு நாள் என்பது 5 சதவீதம். ஐந்து தவணையில் ஒரு நாள் என்பது 20 சதவீதம். நாட்கள் குறையக் குறைய ஒவ்வொரு நாளின் குறியும் அவ்வளவு முக்கியமாகிறது.

முதல் நாள் சி.டி. ஸ்கேன் எடுத்துத் திட்டம் போடுகிறார்கள். முழங்காலுக்கு அடியில் ஒரு தாங்கி வைத்து, இடுப்புக்கு மேல் சூடான பிளாஸ்டிக் வலையை வைத்து அச்சு எடுத்து, தோலில் மையால் கோடு போட்டார்கள். "அழிஞ்சிரக் கூடாது ஐயா, குளிக்கும்போது சோப்புப் போட்டுத் தேய்ச்சிராதீங்க" என்று அந்தப் பெண் சொன்னாள். நானோ, கோட்டைத்தான் இவர்கள் குறி பார்ப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு வாரம் கோவணம் கட்டிய சாமியார் மாதிரி பதறிப் பதறிக் குளித்தேன்.

அதே நாளில் என்னை இரண்டு தடவை ஸ்கேன் எடுத்தார்கள். முதல் படத்தில் மலக்குடலில் வாயு நிறைய இருக்கிறது, போய்விட்டு வாருங்கள் என்று இறக்கிவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி. எனக்குக் கோபம். இரண்டாவது ஸ்கேனுக்கும் பில் போடுவார்களோ என்று தங்கையிடம் புலம்பினேன். போடவில்லை. ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பிறகு தினசரி நடைமுறை. காலையில் மலம் கழித்துவிட்டு வர வேண்டும். ஆஸ்பத்திரியில் சிறுநீர் கழித்துவிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். முதல் நாள் நேரத்தை மிச்சப்படுத்துகிறேன் பேர்வழி என்று வீட்டிலேயே தண்ணீரைக் குடித்துவிட்டு ஆட்டோ ஏறினேன். கோரிப்பாளையம் சிக்னலில் மாட்டிக்கொண்டேன். அதற்கு மேல் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஆறாம் நாள்தான் அந்தத் தவறு நடந்தது. இடம் மாறிய தண்ணீர், இடம் மாறிய சாப்பாடு, இரண்டு நாளாக வயிறு சரியில்லை. "போய்ட்டு வந்தீங்களா ஐயா?" என்று அந்தப் பெண் கேட்டாள். என் பேத்தியைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். பக்கத்தில் வேறு நோயாளிகள். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொன்ன வாத்தியார், "ஆச்சும்மா" என்று கூசாமல் பொய் சொன்னேன். கட்டிலில் ஏற்றினார்கள். சுவரிலிருந்து வரும் சிவப்பு லேசர் கோடுகள் என் மேல் போட்டிருந்த கோடுகளோடு பொருந்தின. கருவி ஒரு சுற்றுச் சுற்றிப் படம் எடுத்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கதவு திறந்தது. "இறங்கிக்கங்க ஐயா."

காரணம் கேட்டேன். வயிற்றில் வாயு, மலம் என்றார்கள். "கோடு எல்லாம் சரியாத்தானே இருக்கு, ஒரு நாள்தானே, வச்சு விடுங்க" என்று குரலை உயர்த்தினேன். அந்தப் பெண் பதில் பேசாமல் உள்ளே போய் ஒருவரை அழைத்து வந்தாள். அவர் மருத்துவர் இல்லை, மருத்துவ இயற்பியலாளர். அப்படி ஒரு வேலை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "நீங்க இயற்பியல் வாத்தியாராமே, வாங்க சார்" என்று திரையின் முன்னால் உட்கார வைத்தார்.

திரையில் இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்று. ஒன்று திட்டம் போட்ட நாளில் எடுத்தது. இன்னொன்று பத்து நிமிடத்துக்கு முன்னால் எடுத்தது. இடுப்பெலும்பு இரண்டிலும் மயிரிழை பிசகாமல் பொருந்தியிருந்தது. ஆனால் எலும்புக் கூட்டுக்கு நடுவே மலக்குடல் பலூன் மாதிரி உப்பி, என் சுரப்பியை முன்பக்கம் 8 மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. திட்டத்தில் சுரப்பி இருக்க வேண்டிய கோட்டுக்குள் பின்பக்கமாக மலக்குடலின் சுவர் வந்து நின்றது. அதாவது அன்று நான் கெஞ்சியபடி "வச்சு விட்டிருந்தால்", எல்லாக் கோடும் சரியாக இருக்கும்போதே புற்றுநோயின் ஒரு பகுதியை விட்டுவிட்டு, நல்ல மலக்குடலுக்குக் கதிர் போயிருக்கும்.

"கட்டிலை எட்டு மில்லிமீட்டர் நகர்த்திட்டா சரியாகிடாதா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நகர்த்தலாம் சார். ஆனா கதிர் போய்க்கிட்டிருக்கும்போதே வாயு பிரிஞ்சா சுரப்பி திரும்பப் பின்னால வந்துடும். படம் எடுக்கிறது ஒரு நிமிஷத்துக் கணக்குதான். அடுத்த நிமிஷத்துக்கு அது சாட்சி சொல்லாது." என் வகுப்பில் இப்படி ஒரு பதில் சொல்லியிருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன். நான் பொய் சொன்னதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். அந்தப் பெண்ணிடமும் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல ஐயா, நிறையப் பேர் அப்படித்தான் சொல்வாங்க. அதுக்குத்தான் படம் எடுக்கிறோம்" என்றாள்.

அன்று ராத்திரி என் தங்கை மகன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். பொறியாளர். "மாமா, நீங்க ஏன் கவலைப்படறீங்க? நான் அந்த மெஷினோட விவரமெல்லாம் பார்த்துட்டேன். ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே துல்லியம்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. மெஷின் தன் குறியை ஒரு மில்லிமீட்டருக்குள் பிடித்துவிடும். ஆனால் அந்தக் குறியில் என் சுரப்பி இருக்கிறதா என்பது மெஷினின் விவரப் பட்டியலில் கிடையாது. அது நான் குடித்த தண்ணீரிலும், காலைக் கடனிலும், படத்தைப் பார்க்கிறவரின் கண்ணிலும், அவருக்குக் கொடுக்கப்பட்ட நேரத்திலும் இருக்கிறது.

இதுதான் என் கருத்து. பல லட்சம் செலவழிக்கிற குடும்பங்கள் "எந்த ஆஸ்பத்திரியில் புது மெஷின் இருக்கிறது?" என்று மட்டும் கேட்கிறார்கள். "படுக்க வைத்தபின் தினமும் எப்படிச் சரிபார்க்கிறீர்கள்?" என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்கிறேன்.

ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். வாத்தியார் என்றால் கரும்பலகை இல்லாமல் முடியாது.

சுரப்பி நகரும் என்று தெரிந்ததால், மருத்துவர்கள் அதைச் சுற்றி ஓரம் விட்டுத்தான் கதிர் கொடுப்பார்கள். துணி தைக்கும்போது தையலுக்கு விடுவோமே, அது போல. 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு கோளம் என்று சுரப்பியை வைத்துக்கொள்ளுங்கள். கன அளவு சுமார் 33.5 கன சென்டிமீட்டர். சுற்றிலும் 1 சென்டிமீட்டர் ஓரம் விட்டால் விட்டம் 6 ஆகிறது, கன அளவு சுமார் 113. அதாவது சுரப்பியைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான நல்ல திசுவுக்கு வீணாகக் கதிர் போகிறது. ஓரத்தை 5 மில்லிமீட்டராகக் குறைத்தால் கன அளவு 65தான். ஓரம் பாதியானது, வீணாகக் கதிர் வாங்கும் நல்ல திசு 80லிருந்து 32 ஆகக் குறைந்தது. அந்த நல்ல திசு என்பது வேறொன்றும் இல்லை, சிறுநீர்ப்பையின் கழுத்தும் மலக்குடலின் சுவரும்தான். சிகிச்சைக்குப் பிறகு ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறோம், மலத்தில் ரத்தம் போகிறதா என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது.

ஆனால் சரிபார்க்காமல் ஓரத்தைக் குறைத்தால் நோய் தப்பித்துவிடும். எவ்வளவு ஓரம் வேண்டும் என்பதற்கு 2000ல் நெதர்லாந்துப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த மார்செல் வான் ஹெர்க் என்ற இயற்பியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். நூற்றுக்கு 90 நோயாளிகளுக்காவது, இலக்கு முழுவதுக்கும் குறித்த அளவில் குறைந்தது 95 சதவீதம் போய்ச் சேர வேண்டும் என்றால், முறையான பிழையின் இரண்டரை மடங்கையும் ஒழுங்கற்ற பிழையின் 0.7 மடங்கையும் கூட்டி ஓரமாக விட வேண்டும்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளே, முறையான பிழை, ஒழுங்கற்ற பிழை! ஒரு நாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் என்று நகர்வது ஒழுங்கற்ற பிழை. அது ஓரளவு தன்னைத்தானே ஈடு செய்துகொள்ளும். முதல் நாளிலேயே தவறான இடத்தில் பதிந்துவிட்டு, கடைசி நாள் வரை ஒரே பக்கமாக இருப்பது முறையான பிழை. இரண்டும் 3 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஓரம் 7.5ம் 2.1ம் சேர்த்து 9.6 மில்லிமீட்டர் வேண்டும். ஒழுங்கற்ற பிழையை மட்டும் ஒரு மில்லிமீட்டராக்கினால் 8.2 வேண்டும். முறையான பிழையை மட்டும் ஒரு மில்லிமீட்டராக்கினால் 4.6 போதும். எது பெரிய எதிரி என்று தெரிகிறதல்லவா? நம் சுழிப் பிழைதான்.

திட்டம் போடும் நாளில் என்னை ஏன் இரண்டு தடவை ஸ்கேன் எடுத்தார்கள் என்பதற்கு விடை இதுதான். அன்று மலக்குடல் உப்பியிருந்த படத்தை வைத்துத் திட்டம் போட்டிருந்தால், அந்தத் தவறான இடமே 20 நாளுக்கும் சுழியாகிவிடும். இது வெறும் கணக்கு இல்லை. அமெரிக்காவில் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில், தினசரிப் படம் எடுத்துச் சரிபார்க்காத காலத்தில் சிகிச்சை பெற்ற 127 பேரை ஆராய்ந்து 2005ல் வெளியிட்டார்கள். திட்டம் போட்ட நாளில் மலக்குடல் உப்பியிருந்தவர்களுக்கு நோய் திரும்பியது அதிகம் என்று கண்டார்கள். ஒரே ஒரு நாளின் வாயு! நான் பில்லுக்குப் பயந்து புலம்பிய அந்த ஒன்றரை மணி நேரத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

சரி, தினமும் படம் எடுப்பதால் உண்மையிலேயே பலன் உண்டா? வெளிநாட்டில் மருத்துவராக இருக்கும் நம் பள்ளி மாணவன் ஒருவன் கட்டுரைகளை அனுப்பி, போனில் விளக்கியும் சொன்னான். பிரான்சில் 21 மையங்களில் 470 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினமும் படம், இன்னொரு குழுவுக்கு வாரம் ஒரு முறை. 2018ல் முடிவு வந்தது. தினசரிக் குழுவில் பி.எஸ்.ஏ. மறுபடி ஏறியது குறைவு, மலக்குடல் பாதிப்பும் குறைவு. ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அதே ஆய்வில் தினசரிக் குழுவில் மொத்த மரணங்கள் கொஞ்சம் கூடுதலாக இருந்தன. ஆராய்ச்சியாளர்களுக்கே அது எதிர்பாராத முடிவு. பிடித்த வாசிப்பை எழுதி, பிடிக்காததை அழிப்பது ஆய்வகத்தில் நான் அனுமதிக்காத வேலை, இங்கேயும் செய்ய மாட்டேன். தினமும் எடுக்கும் படத்தாலும் சிறிது கதிர் உடம்பில் சேரத்தான் செய்கிறது. சிகிச்சைக்குத் தரும் அளவோடு ஒப்பிட்டால் அது ஒரு சதவீத அளவில்தான். அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு எத்தனை படம் எடுப்பது என்று முடிவு செய்வது மருத்துவர்களின் பொறுப்பு.

இன்னொன்று, லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 156 பேரிடம் நடந்த ஆய்வு. ஐந்தே தவணை. ஒரு குழுவுக்கு சி.டி. படத்தைப் பார்த்து 4 மில்லிமீட்டர் ஓரம். இன்னொரு குழுவுக்குக் கதிர் பாயும்போதே எம்.ஆர்.ஐ. மூலம் சுரப்பியைப் பார்த்துக்கொண்டு 2 மில்லிமீட்டர் ஓரம். 2023ல் வெளியான முடிவின்படி, குறிப்பிடத்தக்க சிறுநீர்த் தொந்தரவு முதல் குழுவில் 43 சதவீதம் பேருக்கு, இரண்டாவது குழுவில் 24 சதவீதம் பேருக்கு. இது சிகிச்சை முடிந்த முதல் மூன்று மாதக் கணக்கு. இரண்டே இரண்டு மில்லிமீட்டர்! நம் வெர்னியரின் முதன்மைக் கோலில் இரண்டு கோடு.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் எம்.ஆர்.ஐ. மெஷின் எங்கே இருக்கிறது சார்?" என்று கிளம்பாதீர்கள். அவர்கள் ஓரத்தைக் குறைக்க முடிந்தது, சுரப்பியைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால்தான். பார்ப்பதற்குப் பல வழி உண்டு. சிலர் சுரப்பிக்குள் அரிசி அளவுகூட இல்லாத மூன்று தங்க மணிகளை ஊசி மூலம் வைத்துவிடுகிறார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் சுரப்பி தெரியாது, தங்கம் பளிச்சென்று தெரியும். எனக்கு எடுத்த சி.டி.யில் சுரப்பியின் ஓரம் மங்கலாகத்தான் இருக்கும். ஒரே படத்தை இரண்டு பேர் பொருத்தினால் ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் வருவதுண்டு என்று அந்த இயற்பியலாளரே சொன்னார். வெறும் எலும்பை வைத்துப் பொருத்துவதில் இந்தக் குழப்பம் இருக்காது, எல்லாரும் பொருத்தினாலும் ஒரே விடை வரும். என் ஆறாம் நாள் படத்தைப் போல, ஒரே மாதிரித் தப்பாகவும் வரலாம். நுட்பம் உண்டு, துல்லியத்தன்மை இல்லை.

என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியர் ஒருவருக்குப் பல வருடம் முன்னால் இதே சிகிச்சை நடந்தது. அவரும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் திருத்தியவர்கள். பின்னாளில் அவருக்கு மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகளிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. கடைசியில் மயங்கி விழுந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. அவருக்கு அது எதனால் வந்தது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்தக் காலத்துக் கருவிகளும் முறைகளும் வேறு. ஆனால் மறைத்தது எதனால் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆறாம் நாள் நான் "ஆச்சும்மா" என்றேனே, அதே கூச்சம்தான். அந்தக் கூச்சத்தை ஒழிக்கத்தான் சிறுநீர், மலம், வாயு என்று இவ்வளவு பச்சையாக எழுதியிருக்கிறேன். பெண் பிள்ளைகள், மருமகள்கள் எல்லாரும் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதினேன். படியுங்கள். உங்கள் அப்பாவிடம் நீங்கள்தான் கேட்க வேண்டியிருக்கும்.

ஆகவே, வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை என்றால், மருத்துவரிடம் மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள். தினமும் கதிர் கொடுப்பதற்கு முன் படம் எடுப்பீர்களா? எலும்பை மட்டும் பார்ப்பீர்களா, சுரப்பியையோ தங்க மணியையோ பார்ப்பீர்களா? எத்தனை மில்லிமீட்டர் ஓரம் விடுகிறீர்கள், படம் சரியில்லாத நாளில் என்ன செய்வீர்கள்? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். என் மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார்.

நோயாளியின் பங்கும் மூன்றுதான். சொன்ன அளவு தண்ணீரைச் சொன்ன நேரத்தில் குடிக்க வேண்டும். வயிறு சரியில்லை என்றால் முதல் நாளே சொல்லி மருந்து கேட்க வேண்டும். கேட்டால் உண்மை சொல்ல வேண்டும். கட்டிலிலிருந்து இறக்கிவிட்டால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று உங்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். "தண்ணி குடிங்க, டாய்லெட் போய்ட்டு வாங்க" என்று சொல்கிறீர்கள். ஏன் என்று சொல்வதில்லை. எனக்குச் சொல்லியிருந்தால் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன். காத்திருக்கும் கூடத்தில் ஓடும் டி.வி. சீரியலுக்குப் பதிலாக, எனக்குக் காட்டிய அந்த இரண்டு படத்தையும் தமிழில் விளக்கி ஒட்டி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயிக்கு நான் கையாலேயே வரைந்து காட்டினேன். "அப்பன்னா வாய்க்கா அடைச்சா மடை இடம் மாறுற மாதிரி" என்றார். என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார்.

அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் புது மெஷின் வந்தது என்று செய்தி வரும்போதெல்லாம் சந்தோஷப்படுகிறேன். கூடவே, படத்தைப் பொருத்திப் பார்க்க ஆளும் நேரமும் வந்ததா என்று கேட்க வேண்டும். ஒரு நோயாளிக்குச் சில நிமிடம் கூடுதலாகும். வெளியே கூட்டம் காத்திருக்கும்போது முதலில் அவசரமாகக் கழிவது அந்தச் சில நிமிடம்தான். ஆய்வகத்தில் 60 பிள்ளைகளுக்கு நாலு வெர்னியர் இருந்தபோது சுழிப் பிழையை யாரும் பார்க்கவில்லை. அது பிள்ளைகளின் குற்றம் மட்டும் இல்லை, எனக்குத் தெரியும்.

என் நிலை இது. சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆகிறது. ராத்திரி இரண்டு தடவை எழுந்திருக்கிறேன், முன்பு நான்கு தடவை. பி.எஸ்.ஏ. இறங்கியிருக்கிறது. ஹார்மோன் ஊசியும் போட்டிருப்பதால் அதை வைத்து இப்போதே துள்ளக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். துள்ளவில்லை. அடுத்த பரிசோதனை தை மாதம்.

கடைசி நாள் அந்தப் பெண்ணுக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்தேன். என் இடுப்பில் 20 நாளும் அழிந்த கோட்டைத் திரும்பத் திரும்பப் போட்டவள் அவள்தான். "ஐயா, இன்னிக்குப் படம் ரொம்ப நல்லா வந்துச்சு" என்றாள். பள்ளியில் எத்தனையோ பேருக்கு "வெரி குட்" போட்டிருக்கிறேன். நான் வாங்கி வெகுநாள் ஆகிவிட்டிருந்தது.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். கூச்சமாக இருந்தால் தனிச் செய்தியில் கேளுங்கள். கூச்சம் இல்லாமல் கீழேயே கேட்டால் இன்னும் நாலு பேருக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்